ஈசானி மூலைத் தொட்டி

மீன்களைக் கொன்றது பிளீச்சிங் பவுடர். அதை முதல் நாளே சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

எங்கள் வட்டாரத்துக் கட்சி ஒன்றியச் செயலாளர் உலகநாதன் நீடாமங்கலத்தில் புது வீடு கட்டி ஆவணிக் கடைசியில் குடி போனார். பழைய வீட்டில் இருந்த நாலடி மீன் தொட்டியும் கூடப் போனது. புது வீட்டுக்குப் பழைய அழுக்கு ஆகாது என்று கூழாங்கற்களை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டு, பில்டர் பஞ்சை வெந்நீரில் அலசி, பளபளவென்று நிறுத்தினார்கள். ஜோசியர் கொடுத்த கணக்கு ஒன்பது மீன். எட்டு தங்க நிறம், ஒன்று கறுப்பு. நாலாம் நாள் தங்கத்தில் ஐந்து வயிற்றைக் காட்டி மிதந்தன.

உலகநாதன் மேடை ஏறினால் ஜோசியக்காரர்களைக் கிழிகிழியென்று கிழிப்பார். நானே கேட்டிருக்கிறேன், நன்றாகத்தான் பேசுவார். தொட்டி மட்டும் ஈசானி மூலையில், பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தது. எதிர்ச் சுவரில் தலைவர் படம்.

"நமக்கு இதுலல்லாம் நம்பிக்கை கெடயாதும்மா. வூட்டுல ஆசப்படுறாங்க" என்றார்.

என்னைக் கூப்பிட்டது நான் விலங்கியல் படித்ததற்காக. எங்கள் தெருவில் முதல் டிகிரி என்னுடையது. 'மீனு படிச்ச பொண்ணு' என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். காலேஜில் மீனை அறுத்ததுதான் அதிகம். ஆனால் லேபில் ஒரு தொட்டி இருந்தது. மூன்று வருஷமும் அதைப் பார்த்துக்கொண்டது நான்தான்.

நான் போனது மீனுக்காக இல்லை, ஒரு லெட்டருக்காக. என் அப்பா மருதையன் கோயில் நிலம் ஒன்றேகால் ஏக்கரை இருபத்தாறு வருஷம் குத்தகைக்கு உழுதார். பங்குனியில் இறந்துபோனார். குத்தகையை அம்மா பேருக்கு மாற்றச் சொல்லி கோயில் ஆபீசில் மனுக் கொடுத்தோம். "ஒன்றியத்துக்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்துடுங்களேன்" என்றார்கள். சட்டத்தில் அப்படி ஒன்றும் கிடையாது, தேடிப் படித்துப் பார்த்தேன். லெட்டர் வராவிட்டால் நிலம் ஏலத்துக்குப் போகும். லெட்டர் வரும்வரை வயலில் இறங்கக் கூடாது என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பினார்கள்.

ராஜம்மாள் சித்தியின் நிலத்தில் அம்மா ஓர் ஓரம் கேட்டு வாங்கி சம்பாவுக்கு நாற்று விட்டிருந்தாள். நாற்றுக்கு முப்பது நாள். முப்பத்தைந்தைத் தாண்டினால் முற்றிப்போகும், நட்டாலும் தூர் கட்டாது. விதை தெளித்த மறுநாள்தான் ஒன்றியத்தின் வீட்டுக்குப் போனேன்.

"என்னா வேணும் சொல்லு. மருந்தா? திருச்சியிலேர்ந்து வரவழைக்கிறேன்."

"மருந்து இல்லீங்க. நாளு வேணும்."

"எத்தினி நாளு?"

"முப்பது ஆவும்."

"தண்ணிதான் கண்ணாடியாட்டம் இருக்கே."

தெளிந்த தண்ணீர் நல்ல தண்ணீர் இல்லை என்று சொன்னேன். மீன் கழிப்பது அம்மோனியா. அது மீனையே கொல்லும். கல்லிலும் பஞ்சிலும் வழவழவென்று படிந்திருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று வேறொன்றாக்கும், அதை இன்னொரு கூட்டம் தின்று தீங்கில்லாததாக்கும். அந்த வழவழப்பைத்தான் நீங்கள் தேய்த்துக் கொட்டிவிட்டீர்கள். அது திரும்பப் படிய ஒரு மாதம் பிடிக்கும். அதுவரை தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்ற வேண்டும், தீனியைக் குறைக்க வேண்டும், எதையும் கழுவக் கூடாது.

"ஆயுத பூஜை கழிஞ்சு அஞ்சாம் நாளு மந்திரி வர்றாரு பாப்பா" என்றார். "இந்த ஹால்லதான் உக்காருவாரு. நீ தொட்டிய நிறுத்திக் குடு, லெட்டரு உன் கையில. எழுதியே வெச்சிருக்கேன். கையெழுத்துதான் பாக்கி."

தினமும் ஏழரை பஸ்ஸில் போனேன். கொல்லைப்புற வாசல்தான் எனக்கு. உட்காரச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கையை முழங்கை வரை விட்டு வேலை செய்வேன், தண்ணீர் மாற்றுவேன், உலகநாதன் குளித்துவிட்டு வரும்வரை நிற்பேன். அவர் வந்து குனிந்து பார்த்து, "நாலும் உசுரோட இருக்கு" என்று சொல்லிவிட்டு காரில் ஏறுவார். லெட்டரைப் பற்றி நான் வாயைத் திறப்பதற்குள் கார் தெருவைத் தாண்டிவிடும். தொட்டி மீனையும் என்னையும் ஒப்பிட்டு யாராவது கவிதை எழுதினால் அறைவேன். மீனுக்கு வேளா வேளைக்குத் தீனி வந்தது.

அம்மோனியாவைப் பார்க்க நெஸ்லர் கரைசல் வேண்டும். தொட்டித் தண்ணீரில் நாலு சொட்டு விட்டால், அம்மோனியா இருந்தால் மஞ்சளாகும், இல்லையென்றால் நிறம் மாறாது. காலேஜ் லேப் அட்டெண்டர் ஜெக்கரியா அண்ணன் ஒரு சின்னக் குப்பியில் ஊற்றிக் கொடுத்தார். லேப் தொட்டிப் பஞ்சில் பாதியையும் அறுத்து, தண்ணீரோடு பையில் கட்டிக் கொடுத்தார். பழைய பஞ்சைப் புதுத் தொட்டியில் வைத்தால் அதிலிருந்து நுண்ணுயிர்கள் சீக்கிரம் பரவும்.

"பாத்து தாயி. குப்பியில பாதரசம் இருக்கு. இருக்குற கோவத்துல ஒன்றியத்தோட காப்பியில கலந்துடாத."

"கொல்லைப்பக்கம் நிக்கிறவளுக்குக் காப்பி எங்கண்ணே கண்ணுல தெரியும்?"

பஞ்சை வைத்தேன். பத்து நாளில் மஞ்சள் வெளுக்க வேண்டும். வெளுக்கவில்லை. பன்னிரண்டாம் நாளும் சோதனைக் குழாயில் எலுமிச்சம்பழ நிறம். என் கணக்கு தப்பா, நெஸ்லர் கெட்டுவிட்டதா, நான் படித்ததே அரைகுறையா என்று என்னையே பிய்த்துக்கொண்டேன். படிக்காத வீட்டிலிருந்து படித்து வந்தவளுக்கு இது ஒரு வியாதி. எது கோணினாலும் தன் மூளைதான் காரணம் என்று தோன்றும்.

பதினைந்தாம் நாள் குப்பியைத் தொட்டிக்குப் பின்னால் மறந்து வைத்துவிட்டு, சாயங்காலம் எடுக்கப் போனேன். கொல்லைக் குழாயடியில் உலகநாதனின் மனைவி பிரகதாம்பாள் என் பஞ்சை மஞ்சள் தண்ணீரில் முக்கி முக்கிப் பிழிந்துகொண்டிருந்தார். பக்கத்தில் பிளீச்சிங் பவுடர் டப்பா.

"அம்மா, அத என்னாத்துக்கு எடுத்தீங்க?"

"வெளக்கேத்துற நேரம் பொண்ணு. பக்கத்துலயே சாமி இருக்கு. நீ காலையில முழங்கை முட்டும் உள்ள வுட்டுட்டுப் போயிடுற. நான் என்னா செய்யட்டும் சொல்லு?"

"தெனமுமா கழுவுறீங்க?"

"பின்ன? உன்னய ஒண்ணும் தப்பாச் சொல்லல. நீ நல்ல பொண்ணுதான். மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

கோபமே இல்லாமல், உப்புப் போதுமா என்று கேட்பதைப்போலச் சொன்னார். என் கை பட்ட தண்ணீரைச் சுத்தம் செய்கிற ஒவ்வொரு சாயங்காலமும் அந்த மீன்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் கூடியிருக்கிறது. பதினைந்து நாள். நாற்றுக்கும் பதினைந்து நாள்.

நான் கத்தியிருக்க வேண்டும். லெட்டரை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். "சரிங்கம்மா" என்றுகூடச் சொன்னேன். அந்தச் 'சரிங்கம்மா'வை இன்று நினைத்தாலும் நாக்கு கசக்கிறது.

மறுநாள் விடியலில் எங்கள் வயலுக்குப் போனேன். வயல் தரிசாகக் கிடந்தது. வாய்க்காலில் மட்டும் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. எங்கள் மடைதான் வாய்க்காலில் முதல் மடை. அதற்கு மேலே வயல் இல்லை, பூச்சிமருந்து கலக்க வழியில்லை. மடை வாயில் அப்பா போட்ட செங்கல் துண்டுகள், இருபத்தாறு வருஷமாக ஓடுகிற தண்ணீரில் ஊறி வழவழத்துக் கிடந்தன. ஏழு துண்டுகளைப் பொறுக்கி, ஈரத்துணியில் சுற்றி, டிபன் டப்பாவில் வைத்து எடுத்துப் போனேன். தொட்டியின் பின்பக்கம், அலங்காரத்துக்கு வைத்திருந்த பீங்கான் கோட்டைக்கு அடியில், கூழாங்கல்லைத் தோண்டிப் புதைத்தேன். பிரகதாம்பாள் பஞ்சைக் கழுவட்டும்.

இருபத்தெட்டாம் நாள் காலை நாலு சொட்டு விட்டேன். குழாய் தண்ணீராகவே நின்றது. இன்னும் ஒரு சொட்டு விட்டேன். தண்ணீர்தான். கறுப்பு மீன் துடுப்பை விரித்துக்கொண்டு நிதானமாகத் திரிந்தது. குழாயை உலகநாதனிடம் காட்டினேன்.

"தொட்டி நின்னுடுச்சுங்க. இனிமே நான் வர வேண்டியதில்ல. லெட்டரு..."

"மந்திரி வந்துட்டுப் போவட்டும் பாப்பா. அதுவரைக்கும் வா. நீ வராம மீனு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"நாத்துக்கு நாளாவுதுங்க."

"நாத்து எங்க போயிடும்?" சிரித்துக்கொண்டே காரில் ஏறினார். மூன்று தலைமுறையாக நிலம் வைத்திருக்கிற மனிதர். நாற்று எங்கே போகும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

முப்பத்தோராம் நாள் ஆயுத பூஜைக்கு முதல் நாள். கொல்லை வாசலில் கால் வைத்ததும் தெரிந்துவிட்டது. வீட்டிலிருந்த இரும்பு, பித்தளை, மோட்டார் சைக்கிள் எல்லாம் வெளியே வந்து ஈரம் சொட்ட நின்றன. அவற்றோடு தொட்டியும் கவிழ்ந்து கிடந்தது. மீன்கள் பிளாஸ்டிக் வாளியில். வேலைக்கார அம்மா நாகரத்தினம் கற்களைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். என் ஏழு செங்கல்லும் குப்பையோரம் கிடந்தன.

"இது என்னா பொண்ணு, தொட்டிக்குள்ள செங்கல்லு?" என்றார் பிரகதாம்பாள். "வழவழன்னு கெடக்கு. வருசத்துல ஒரு நாளு, எல்லாத்தையும் கழுவித்தானே சாமிக்கு வெக்கணும்?"

"அது எங்க மடைக் கல்லுங்க."

"எந்த மட?"

"எங்க வயலு மட. கோயில் நெலம்."

"ஓ, அதுவா? அத எங்க அண்ணன்ல ஏலத்துல எடுக்கப்போவுது. அவுங்க உன்கிட்ட சொல்லலியா?"

நாகரத்தினம் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். உள்ளேயிருந்து உலகநாதன் பனியனோடு வந்தார். கேட்டிருக்கிறார்.

"பாப்பா, அது வேற விசயம். இங்க பாரு, அங்கன்வாடியில ஒரு எடம் வருது..."

"லெட்டரு எழுதி வெச்சிருக்கேன்னு சொன்னீங்கல்ல?"

"எழுதித்தான் வெச்சிருக்கேன்."

"யாரு பேருக்கு?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி வாளியைப் பார்த்தார். "படிச்ச புள்ளைங்ககிட்ட வாயக் குடுக்க முடியல" என்று உலகநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

குனிந்து ஏழு கல்லையும் பொறுக்கினேன். ஈரம் காயவில்லை. டப்பாவில் போட்டுக் குழாய்த் தண்ணீர் படாமல் மூடினேன்.

"அழுக்குக் கல்ல எதுக்குடி தூக்கிட்டுப் போற?" என்று பிரகதாம்பாள் பின்னாலிருந்து கேட்டார். நடந்தேன். மீன்கள் இரண்டு நாள் நன்றாகத்தான் இருக்கும், தண்ணீரும் கண்ணாடி மாதிரி இருக்கும். மூன்றாம் நாள் தெரியும். இதைச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். முதல் நாளே சொன்னதுதானே.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா பேர் ரெங்கம்மாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப நெலம் போச்சா?"

"நட்டுடுவோம்."

"எறங்கக் கூடாதுன்னுல சொல்லியிருக்காங்க. போலீசு வருமே மலரு."

"வரட்டும். நட்ட வயல எவன் ஏலத்துல எடுக்குறான் பாப்போம். இப்ப அது தரிசு, யாரு வேணா எடுப்பான்."

"உன்னயப் புடிச்சுட்டுப் போனா? படிச்ச புள்ள, நாளைக்கு வேல கீல..."

"முப்பது நாளாப் படிச்ச வேலையத்தானம்மா பாத்தேன்."

அம்மா எழுந்து நாற்றங்காலுக்குப் போனாள். ஒரு நாற்றைப் பிடுங்கி அடித்தண்டை நகத்தால் கிள்ளிப் பார்த்தாள். "முத்த ஆரம்பிச்சுடுச்சு" என்றாள். பிறகு, "குத்துக்கு ரெண்டு நாத்து கூட வெச்சு நடணும்" என்றாள். அதுதான் அவள் சம்மதம்.

இரண்டு நாளில் மடையைத் திறந்து தண்ணீர் கட்டி, சேறடித்தோம். போகிற வழியில் ஏழு கல்லையும் மடை வாயில் இருந்த இடத்திலேயே திரும்பப் போட்டேன். முப்பத்துநாலாம் நாள் காலை எங்கள் தெருவிலிருந்து ராஜம்மாள் சித்தியோடு ஒன்பது பேர் நடவுக்கு இறங்கினார்கள். யாரையும் நான் கூப்பிடவில்லை. அம்மா கூப்பிட்டிருக்கிறாள்.

கால் வயல் நட்டிருப்போம். ரோட்டில் ஒன்றியத்தின் கார் வந்து நின்றது. டிரைவர் துரைராசு வேட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்பில் வந்தார்.

"ஏம்மா மலர்கொடி, மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குதும்மா. ஒரு தங்கமீனு காலையில போயிடுச்சு. இன்னும் மூணு நாள்ல மந்திரி வர்றாரு. ஐயா உன்னயக் கையோட கூட்டியாரச் சொன்னாரு." அப்போதுதான் நட்ட வரிசையைப் பார்த்தார். "அய்யய்யோ. என்னா தாயி பண்ணிட்டு நிக்கிற? இது ஐயாவுக்குத் தெரியுமா?"

"நீங்க போயிச் சொன்னா தெரியும்."

"ஏற்கெனவே கொதிச்சுக் கெடக்குறாரு."

"பாதித் தண்ணிய மாத்தச் சொல்லுங்க. தீனி போட வேணாம். ரெண்டு நாளு தாங்கும். அதுக்கு மேல கல்லு இல்லாம நிக்காது."

"எந்தக் கல்லு?"

மடையைக் காட்டினேன். "அங்கதான் கெடக்கு. லெட்டர எங்கம்மா பேருக்கு எழுதி, கையெழுத்துப் போட்டு எடுத்தாரச் சொல்லுங்க. நானே பொறுக்கித் தரேன்."

"கல்லுதானே, நானே எடுத்துட்டுப் போறேன்" என்று துரைராசு ஓர் அடி வைத்தார். ராஜம்மாள் சித்தி நிமிர்ந்தாள். "எறங்கு மாப்ள" என்றாள். "எறங்கி எடு. வேட்டிய யாரு தொவைக்கிறான்னு பாப்போம்." பெண்கள் சிரித்தார்கள். துரைராசுவும் பாதி சிரித்தார். பிறகு வரப்போடு திரும்பிப் போனார்.

கார் போனது. திரும்பி வருவது லெட்டரா, ஜீப்பா என்று எல்லோருக்கும் ஒரே யோசனைதான். இரண்டும் இதே ரோட்டில்தான் வர வேண்டும். நாங்கள் நடு வயலில், முழங்கால் சேற்றில் நின்றோம். ஓடுவதென்றால்கூடச் சட்டென்று காலைப் பிடுங்க முடியாது.

"அம்மா, நட்ட நாத்து பச்ச புடிக்க எத்தினி நாளாவும்?"

"அஞ்சு நாளாவது ஆவும்."

மீனுக்கு இரண்டு நாள். நாற்றுக்கு ஐந்து. நடுவில் மூன்று நாள் பேரம் பேச எங்களிடம் ஒன்றும் கிடையாது. இரண்டு நாற்றைக் கூடச் சேர்த்து எடுத்து, அடுத்த குத்தை வைத்தேன்.