நுரையில் உப்பு

1

இந்தக் கதையை எழுத வேண்டும் என்று நான் கிளம்பவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதப் போனது ஒரு பக்கக் கட்டுரை. பக்கத்துத் தெருவில் ஒரு காக்டெயில் பார் திறந்திருக்கிறார்கள், சாப்பாடெல்லாம் செடிகொடியிலிருந்து வந்தது மட்டும்தான், பால், முட்டைகூடக் கிடையாது, போய்ப் பார்த்துக் கலகலப்பாக எழுதிக் கொடுங்கள் என்றார் வாரப் பத்திரிகை ஆசிரியர். போனேன். ஒரு கிளாஸ் குடித்தேன். நுரை உப்புக் கரித்தது. கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது. கதை எழுந்து உட்கார்ந்துகொண்டது.

ஆரம்பிப்பதில்தான் சிக்கல்.

"மாலை மயங்கும் நேரம். மதுக்கூடத்தின் கதவை அவன் தள்ளியபோது..." (அவன் யார்? போனது நான்தானே? அடித்தாயிற்று.)

"மனித நாக்கு விசித்திரமான உறுப்பு. அது..." (கட்டுரை மறுபடி எட்டிப் பார்க்கிறது.)

"என் மச்சானுக்குப் பசித்தது."

இது பரவாயில்லை. வைத்துக்கொள்கிறேன்.

2

என் மச்சானுக்குப் பசித்தது. மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. சொட்டு குடிக்க மாட்டான்; கறி இல்லாமல் சாப்பிடவும் மாட்டான். அப்படிப்பட்டவனை இந்த இடத்துக்கு இழுத்துப்போனது அவன் என்ன சொல்வான் என்று கேட்கும் ஆசையில்தான்.

சலவைக் கடைக்கும் சைக்கிள் ரிப்பேர் கடைக்கும் நடுவில் இருந்தது பார். ஏழெட்டு ஸ்டூல், உட்கார்ந்தவரை இடுப்புவரை உள்ளே இழுத்துக்கொள்ளும் ஒரு சோபா. அதில் ஓர் அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கிக்கொண்டு குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். என் தொடர்கதைகளில் வில்லன்கள் பாரில்தான் சதி செய்வார்கள். இங்கே சதிக்கு வழியே இல்லை. அந்தச் சோபாவிலிருந்து எழுந்திருக்கவே இரண்டு ஆள் வேண்டும்.

மச்சான் மெனு அட்டையை முன்னும் பின்னும் திருப்பினான்.

"மாமா, சரக்கு உண்டு, கறி கிடையாது. இது என்ன, பாதி சாமியார் மடமா?"

கவுண்டருக்குப் பின்னால் இருந்த பார்டெண்டர் சிரித்துவிட்டார். "முழு மடமாக்கிட்டா வாடகை யார் சார் தர்றது?"

முப்பது வயதிருக்கும். உள்ளே சமைப்பது அவருடைய அக்கா. வருகிறவர்கள் எல்லாருக்கும் அவள் அக்கா, இவர் தம்பி. (தம்பி என்று எழுதிவிட்ட பிறகு 'அவர்' ஒட்டமாட்டேன் என்கிறது. இனி அவன்.)

நுரையைப் பற்றிக் கேட்டேன்.

"மத்த இடத்துல முட்டை வெள்ளைக்கரு போடுவாங்க சார். இங்க கொண்டைக்கடலை வெந்த தண்ணி. நல்லாக் குலுக்கினா அப்படியே பொங்கி நிக்கும். கடலை வெந்ததும் அக்கா தண்ணிய எனக்குக் குடுத்துடுவா. சாறு பிழிஞ்சதும் பழத்தோலை நான் அவளுக்குக் குடுத்துடுவேன். இந்தக் கடையில குப்பைத்தொட்டிதான் பட்டினி."

"குப்பைத்தொட்டி மட்டுமா?" என்றான் மச்சான்.

அதற்குள் காளான் வறுவல் வந்தது. முதல் வாய்க்கு அப்புறம் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"என்னடா, கறி மாதிரியே இருக்கா?"

"இல்ல மாமா. காளான் மாதிரி இருக்கு. அதான் ஆச்சரியம்."

தம்பிக்கு ஒரு பழக்கம். எந்தக் கிளாஸைத் தருவதற்கு முன்னாலும் அதில் ஒரு ஸ்ட்ராவை விட்டு, மேல்முனையை விரலால் மூடி எடுத்து, ஒரு சொட்டை நாக்கில் விட்டுப் பார்ப்பான். என் கிளாஸுக்கு மட்டும் பார்க்கவில்லை. "முந்திரியில எப்படிய்யா சீஸ் வரும்?" என்று மச்சான் அவனைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தான்.

குடித்தேன். உப்பு. எலுமிச்சையோடு நன்றாகத்தான் சேர்ந்தது. "நுரையில உப்பு, பிரமாதம்!" என்றேன்.

"ஒரு நிமிஷம் சார்." புது ஸ்ட்ரா எடுத்து, என் கிளாஸிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு நிழல்... (வேண்டாம். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்ததுபோல எழுதுவது என் தொழில் வியாதி.)

"ஆமா சார். புது முயற்சி" என்றான். ஜாடியிலிருந்த மிச்சக் கடலைத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டி, ஜாடியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான்.

3

கட்டுரைக்கு அடுக்களையையும் பார்க்க வேண்டும் என்று சொல்லி, மறுநாள் மதியம் போனேன். கடை திறக்கவில்லை. தம்பி சாமான் வாங்கப் போயிருந்தான்.

அக்கா உப்பைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தாள். மருந்துக் கடையில் பார்த்திருக்கிறேன், சமையலில் இப்போதுதான். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு சின்னக் கிண்ணத்தில் உப்பு தயார். ஒரு அடுப்பில் தக்காளி சூப், இன்னொன்றில் பரங்கிக்காய். வாசலில் காய்கறிக்காரர் கூப்பிட்டார். போய்விட்டு வந்தவள் அடுப்புக்கு முன்னால் அப்படியே நின்றாள்.

ஒரு கிண்ணம் காலி. அதைச் சூப்பில் கொட்டினாளா, பரங்கிக்காயிலா?

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? கரண்டி கையில் இருக்கிறது. ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கினால் தெரிந்துவிடும். அவள் கரண்டியை வைத்துவிட்டு, துணியால் சூப் பாத்திரத்தைப் பிடித்து, தொட்டியில் கொட்டத் தூக்கினாள்.

"நான் வேணா பாக்கட்டுமா?" என்றேன்.

பாத்திரத்தை இறக்கி, கரண்டியை நீட்டினாள்.

"உப்பு இருக்கு" என்றேன்.

"அப்போ பரங்கிக்காய்க்குத்தான் போடலை." அடுத்த கிண்ணத்தை அதில் கொட்டினாள். "காய்ச்சல் வந்துச்சு. போச்சு. போகும்போது ருசி, மணம் ரெண்டையும் கூட்டிட்டுப் போயிடுச்சு. திரும்பி வரும்ங்கறார் டாக்டர். எப்போன்னு கேட்டா ஃபேனைப் பாக்கறார்."

"நேத்து நுரையில உப்பு இருந்துச்சு."

"கடலைத் தண்ணியிலயா? அதுல உப்பே போடமாட்டேனே!" நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "சூப்புக்கு வெச்சது அதுல போயிருக்கு. அப்போ சூப் உப்பில்லாமப் போயிருக்கணும். ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"தம்பிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா போகமாட்டான்."

திங்கட்கிழமை அவன் கடல் தாண்டிப் போகிறான். பெரிய ஹோட்டலில் வேலை. முன்பு ஒருமுறை இப்படி ஒரு வேலை வந்தபோது, கடை ஆரம்பிக்கலாம் என்று நிறுத்தியது இவள்தானாம்.

"நிறுத்தினது போதும். அவன் போய் இறங்கினதும் ஃபோன்ல சொல்லிக்கறேன். நீங்க எழுதறதுன்னா எழுதுங்க. அச்சுக்கு முன்னாடி எனக்குக் காட்டிடணும்."

4

இதுவரை எழுதியதை மச்சான் படித்தான். என் வரைவில் தம்பி ஓர் அப்பாவி. ஒன்றும் தெரியாமல் பெட்டி கட்டுகிறான்.

"மாமா, அப்போ அவன் ஏன் ஜாடியைக் கொட்டினான்?"

"என்ன?"

"புது முயற்சின்னா பத்திரமா வெச்சுக்கணும்ல? கொட்டினான்னு நீங்களே எழுதியிருக்கீங்க. எழுதினா மட்டும் போதுமா, படிக்க வேணாமா?"

அன்று மாலையே கிளம்பினேன். தம்பி எலுமிச்சைத் தோலை நீளமாகச் சீவிக்கொண்டிருந்தான். அக்கா இன்னும் மாடியிலிருந்து இறங்கவில்லை. கேட்டேன்.

"தெரியும் சார். தராசு வாங்கின அன்னைக்கே தெரியும். கண்ணை மூடிட்டு உப்பு போடறவ அவ. தினம் அவ மேல போயிக் குளிக்கற நேரத்துல, ஒரு ஸ்ட்ராவோட எல்லாப் பாத்திரத்தையும் பாத்துடுவேன். அன்னைக்கு சூப்ல உப்பில்ல. போட்டுட்டேன். கடலைத் தண்ணியில இருக்கும்னு யாருக்கு சார் தோணும்?"

"நேரா கேட்டுடலாமே?"

"'ஒண்ணுமில்லடா'ம்பா. நானா தெரியும்னு சொல்லிட்டு நின்னுட்டா, தன்னாலதான் தம்பி போகலைன்னு ஆயுசுக்கும் நெனச்சுக்கிட்டிருப்பா. அவ வாயால சொல்லட்டும். சொல்லிட்டு 'இருடா'ன்னா, பெட்டியைப் பிரிச்சுடறேன்."

"சொல்லலைன்னா?"

தோல் பாதியில் அறுந்தது. வேறு பழம் எடுத்தான்.

"போகணும்னு எனக்கு ஆசையும் இருக்கு சார். அதையும் எழுதுங்க. ஆனா அச்சுக்கு முன்னாடி எனக்குக் காட்டிடுங்க."

5

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். இரண்டு பேருக்கும் கதையைக் காட்ட வேண்டும். யாருக்குக் காட்டினாலும் மற்றவருடைய ரகசியம் அம்பலம். காட்டாமலே முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: வெங்காயம் நறுக்கும்போது அக்காவுக்குச் சட்டென்று வாசனை தெரிகிறது. (ஆசிரியர் மகிழ்வார். நீங்கள் பத்திரிகையை என் மேல் எறிவீர்கள்.)

முடிவு ஆ: விமான நிலையத்திலிருந்து தம்பி திரும்பி ஓடி வருகிறான். (என் தொடர்கதைகளில் விமான நிலையம்வரை போன யாரும் இதுவரை விமானம் ஏறியதே இல்லை. ஒருத்தராவது ஏறட்டும்.)

முடிவு இ: தம்பி போய்விட்டான். அவள் தனியாக அடுப்பின் முன்னால்... (எழுத வரவில்லை.)

கடைசியில் ஒரு தந்திரம் செய்தேன். ஒன்று முதல் மூன்றுவரை உள்ள தாள்களை அக்காவுக்கு. நான்கை மட்டும் தம்பிக்கு. ஞாயிற்றுக்கிழமை மதியம் போனோம். மச்சான் காளானுக்காக வந்தான்; சும்மா சொல்லக் கூடாது, எனக்காக இல்லை.

இருவரும் கவுண்டரின் இரு பக்கம் நின்று படித்தார்கள். முதலில் நிமிர்ந்தது அக்கா.

"மூணோட நிக்குதே?"

தம்பி தன் தாளின் தலைப்பைப் பார்த்தான். கொட்டை எழுத்தில் '4'.

(பகுதி எண் போடாமல் எனக்குப் பேனா ஓடாது. கதையைப் பிரித்தேன். எண்ணைக் கிழிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.)

தம்பி தன் தாளை அவள் பக்கம் தள்ளினான். "நீ இதைப் படி. அதைக் குடு."

"கை ஈரமா இருக்குடா."

"காஞ்சுதான் இருக்கு. குடு."

கொடுத்தாள். மாற்றிக்கொண்டு படித்தார்கள். மச்சான் மெல்வதை நிறுத்தினான்.

"எந்திரிங்க மாமா."

"இருடா, அவங்க என்ன பேசறாங்கன்னு..."

"எந்திரிங்கன்னா! நமக்கு இங்க என்ன வேலை?" ஒரு கையில் காளான் தட்டு, இன்னொரு கையில் நான். தெருவுக்கு இழுத்துவந்துவிட்டான்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தம்பி கைகளைக் கட்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நின்றான். அவனாக எதுவும் கேட்கவில்லை, காத்திருந்தான். அக்கா தாளை மடித்தாள், பிரித்தாள், கவுண்டர்மேல் வைத்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள்.

முதலில் பேசியது அவள்தான். நான் சத்தியம் செய்யக்கூடியது அது மட்டும்தான். நிறையப் பேசினாள். நெற்றியைத் தொட்டாள், நாக்கை நீட்டிக் காட்டினாள், அடுக்களைப் பக்கம் கையை வீசினாள். கடைசியில் அவன் ஏதோ கேட்டான். அவள் மிகச் சிறிதாக ஏதோ பதில் சொன்னாள். சட்டென்று முடிந்துவிட்டது. கண்ணாடி தடிமனாக இருந்தது.

6

திங்கட்கிழமை வந்தது, போனது. அக்காவிடமிருந்து ஃபோனில் செய்தி: "ரெண்டு பேருக்கும் சம்மதம், போட்டுக்குங்க. முடிவை மட்டும் நீங்களாப் போட்டுடாதீங்க."

ஐந்து நிமிட நடை. எட்டிப் பார்த்தால் கவுண்டருக்குப் பின்னால் தம்பியா, புதிய ஆளா என்று தெரிந்துவிடும். தெரிந்தால் என் கை சும்மா இருக்காது என்பதால் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

மச்சான் போய்விட்டு வந்தான். காளான் இல்லாமல் அவனுக்கு இப்போது முடிவதில்லை.

"சொல்லட்டுமா மாமா?"

"வாயைத் திறந்தே, நீ சரக்குக் கடைக்குத் தினம் போறேன்னு உங்க அக்காகிட்ட சொல்லிடுவேன்."

வாயை மூடிக்கொண்டான். ஆனால் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பை வைத்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. ருசியாகச் சாப்பிட்டாலே அப்படித்தான் சிரிப்பான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கடைசியாகச் சொன்ன வாக்கியம் மட்டும் என் தாளில் பாக்கி. இரண்டு விதமாக எழுதி வைத்திருக்கிறேன்.

"இருடா."

"போயிட்டு வாடா."

ஒன்றை நீங்கள் அடித்துவிடுங்கள். எதை என்று எனக்குச் சொல்லாதீர்கள்.