கடைசியாகத் தங்கிய நாள்

…பதினெட்டாம் தேதி என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது, ஒரு ஒன்று, ஒரு எட்டு, பக்கத்தில் மாதம், இரண்டு நொடிகூட ஆகாது, பேனாவின் மூடியைக்கூட இன்ஷூரன்ஸ் சர்வேயரே கழற்றிக் கையில் கொடுத்திருக்கிறார், ஆனால் அவள் படிவத்தை மறுபடியும் முதல் கேள்வியிலிருந்து படிக்கத் தொடங்கினாள், பரீட்சை எழுத வந்தவள்போல. திருட்டு தெரியவந்த நாள், இருபத்தொன்று, செவ்வாய்க்கிழமை, அக்கா வீட்டிலிருந்து அம்மா திரும்பி வந்து கதவைத் திறந்த நாள், அதில் சந்தேகமில்லை. உள்ளே நுழைந்த வழி, பின்பக்க ஜன்னல், கம்பியை நெம்பி வளைத்த தடம் இருக்கிறது, நல்லவேளை, தடம் இல்லாமல் போனால் திருட்டு என்றே எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். போலீஸ் புகாரின் நகல், இணைத்தாயிற்று. பொருள்களின் ரசீது, தையல் மெஷினுக்கு இருக்கிறது, துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினுக்கு இருக்கிறது, டிவிக்கு இல்லை, தைக்கக் கொடுத்திருந்தவர்களின் துணிகளுக்கு எங்கே போவது… பிறகு ஏழாவது கேள்வி. வீட்டில் கடைசியாக ஒருவர் இரவு தங்கிய நாள். தங்கியவர் கையொப்பம். தங்கியவர்! அந்தச் சொல்லைப் பார்க்கப் பார்க்க அது யாரோ மூன்றாவது ஆள்போல இருந்தது, அப்படி ஒருத்தி இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

வீடு தொடர்ந்து முப்பது நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் திருட்டுக்குப் பணம் கிடையாது. பாலிசியில் அந்த வரியின் கீழே அம்மா துணியில் கோடு போடும் நீல சாக்குக் கட்டியால் தேய்த்து வைத்திருக்கிறாள், மறக்கக் கூடாதென்று. அக்காவுக்குப் பிரசவம், ஒன்றரை மாதமாவது ஆகும், அதனால்தான் கிளம்பும்போது, அது எட்டாம் தேதி, திங்கட்கிழமை, காலையில், செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள், “சனிக்கிழமை ராத்திரி மட்டும் வந்து படுத்துக்கோடி, போதும், உன் ரூமையும் வேலையையும் விட்டுட்டு வரச் சொல்லல.” சரி என்றாள் இவள். சரி என்றுதான் சொன்னாள், முடியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம், ஏன் சொல்லவில்லை? முதல் சனிக்கிழமை வரவும் செய்தாள். மாலை வகுப்பு முடிந்து பஸ் பிடித்து எட்டரைக்கு வந்து, விளக்கைப் போட்டு, அம்மாவின் கட்டிலில் படுத்தாள். ஃபிரிட்ஜ் ஒருமுறை உதறி அடங்கியது. உறை போட்ட தையல் மெஷின் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஆள்போலத் தெரிந்தது. பயமா? பயம் இல்லை, திருடன் வருவானென்றோ பேய் வருமென்றோ அவள் நினைக்கவே இல்லை, வேறு ஒன்று, பெரியவள் கல்யாணம் கட்டிக் குழந்தை பெறுகிறாள், சின்னவள் வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள், இப்படியே ஒவ்வொரு சனிக்கிழமையாகப் படுத்துப் படுத்துக் கடைசியில் இந்த வீட்டின் பூட்டாகவே ஆகிவிடுவோமோ என்று ஒரு நினைப்பு, நெஞ்சின் மேல் யாரோ தலையணையை வைத்து அழுத்தியதுபோல… ஒன்பதரைக்கு எழுந்து பூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஒரு மணி நேரம் படுத்திருந்தாள். ஒரு மணி நேரம் படுத்தால் அது தங்கியதாகுமா? தூங்கவில்லையே. தங்குவது என்றால் தூங்க வேண்டுமா? அப்படியே கணக்கில் எடுத்துக்கொண்டாலும் அது பதின்மூன்றாம் தேதி, அதற்குப் பிறகு அவள் வரவே இல்லை, முப்பது நாள் எப்போதோ தாண்டிவிட்டது.

“இங்கதான் ஓவர்லாக் இருந்துச்சாம்மா?” சர்வேயர் தரையில் நாலு பள்ளங்களைக் காட்டி டேப்பை நீட்டிக்கொண்டிருந்தார். இளவயதுக்காரர், சட்டைப் பையில் மூன்று பேனா. “அதேதான் தம்பி. இந்தப் பக்கம் தையல் மெஷின். பெடல்ல கால வெச்சா இன்னும் இருக்கிற மாதிரியே இருக்கு, பாருங்க,” என்று அம்மா காலை நீட்டி வெறும் தரையை மிதித்துக் காட்டினாள். பதினாறு வருஷம் மிதித்த கால். அம்மா சிரித்தாள், சர்வேயரும் சிரித்தார், அவளால் அந்தக் காலைப் பார்க்க முடியவில்லை. பள்ளி திறக்க இன்னும் மூன்று வாரம், அறுபது சீருடைக்கு அம்மா வாக்குக் கொடுத்திருக்கிறாள், மெஷின் இல்லாமல் பக்கத்துத் தெருத் தையற்கடையில் மதிய வேளையில் அவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் இரவல் உட்கார்ந்து தைக்கிறாள், அந்தக் கடைக்காரர் நல்லவர்தான், ஆனாலும் தன் வீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தவள்… பதினெட்டு என்று எழுதிவிடு. யாருக்கு நஷ்டம்? கம்பெனிக்கு. கம்பெனி என்ன பட்டினி கிடக்கப் போகிறதா? எழுதேன்.

பொய் அவளுக்குப் புதிதும் இல்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அம்மா அவள் செல்லுக்கு அடிப்பாள், நேற்று போயிருந்தாயா என்பாள், போனேன்மா என்பாள் இவள். ஆனால் இவளுக்குச் சும்மா ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போகத் தெரியாது, எதையும் ஒழுங்காகச் செய்தாக வேண்டும், வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கங்களில் தேதி போட்டு எழுதி வைத்தாள். இருபதாம் தேதி, மழை, வாசல் நனைந்திருந்தது. இருபத்தேழு, பக்கத்து வீட்டுப் பூனை மாடிப்படியில் படுத்திருந்தது. நாலு, ஒட்டடை அடித்தேன். பதினொன்று, ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டது, காகிதம் மடித்துச் செருகினேன். பதினெட்டு, குளியலறைக் குழாய் சொட்டுகிறது, வாளி வைத்தேன். முன்னால் சொன்னதற்கும் பின்னால் சொல்வதற்கும் முரண் வரக் கூடாதே, அதற்காக. இவ்வளவு சிரமப்பட்டுப் பொய்யை வளர்த்ததற்குப் பேசாமல் பஸ் ஏறி வந்து படுத்திருக்கலாம் என்று ஒருமுறை தோன்றி அவளுக்கே சிரிப்பு வந்தது, பிறகு அதையும் எழுதி, எழுதியதை அடித்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் அவள் வேலை பவர் பார்ப்பது, நாள் முழுக்க ஆட்களை உட்கார வைத்து, இப்போ தெளிவா இருக்கா, இப்போ, முன்னாடியா பின்னாடியா என்று கேட்பாள், சிலர் வியர்த்துப்போவார்கள், தப்பான பதில் சொல்லிவிடுவோமோ என்று. தப்பு சரி எதுவும் இல்லை, உங்களுக்கு என்ன தெரியுதோ சொல்லுங்க, அவ்வளவுதான் என்று அவர்களிடம் சொல்வாள். அவ்வளவு சுலபமாகச் சொல்வாள்.

“குழாய் சொட்டுதுன்னு சொன்னீங்களேம்மா,” சர்வேயர் குளியலறையிலிருந்து குரல் கொடுத்தார், “ஒரு சொட்டு இல்ல. திருடன் ரிப்பேர் பண்ணிட்டுப் போயிட்டானா?” அவளுக்குக் காது சுட்டது. அம்மா அசரவில்லை. “பழைய குழாய் தம்பி, அதுக்கு இஷ்டம்னா சொட்டும், கோவிச்சுக்கிட்டா நிக்கும். சின்னவதான் பார்த்துட்டு வாளி வெச்சா. பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை.” “அதுக்கு முந்தின வாரமெல்லாம்?” “கடைசியா எப்பன்னுதானே உங்க பேப்பர்ல கேட்டிருக்கு?” அதுவும் சரிதான் என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டார். “இல்லம்மா, ஆபீஸ்ல கேள்வி மேல கேள்வி கேப்பாங்க, அதுக்குத்தான். ஆள் தங்கினதுக்கு வேற அத்தாட்சி ஏதாவது இருந்தாலும் நல்லது.” “இருக்கே,” என்றாள் அம்மா, “அன்னிக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு நான் இந்த வீட்டு போனுக்கு அடிச்சேன். எடுத்தா.” சர்வேயர் எழுதிக்கொண்டார், அழைப்பு விவரம் வாங்கிக்கொள்ளலாம், நல்ல அத்தாட்சி என்றார், ஜன்னலை வெளிப்பக்கத்திலிருந்து இரண்டு படம் எடுத்துவிட்டு வருகிறேன், அதற்குள் மேடம் எழுதி வைக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார்.

அம்மா பொய் சொல்கிறாள். அளவு நாடாவைத் தவறாகப் படித்துவிட்டால்கூட ஆளைத் திரும்பக் கூப்பிட்டுச் சொல்லும் அம்மா, ஒரு பித்தான் அதிகமாக வந்துவிட்டாலும் திருப்பிக் கொடுக்கும் அம்மா, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் அந்நிய மனிதரிடம் பொய் சொல்கிறாள், இவளுக்காக, அப்படியென்றால் தெரிந்திருக்கிறது, எப்போதிலிருந்து? “ஏம்மா அப்படிச் சொன்ன?” என்றாள் மெதுவாக. “எப்படி?” “போன்ல… எடுத்தேன்னு.” அம்மா தரையில் கிடந்த ஊசியொன்றைப் பொறுக்கிச் சேலைத் தலைப்பில் குத்திக்கொண்டாள். “உண்மையத்தானே சொன்னேன்? முந்தின நாலு வாரத்தப் பத்தி நான் வாயத் திறந்தேனா? ரெண்டாவது வாரத்திலேருந்தே அடிக்கிறேன்டி. மணி அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சு போகும். மறுநாள் நீ பூனைங்கிற, ஒட்டடைங்கிற. உன் செல்லுக்கு அடிச்சா எங்க இருந்தாலும் வீட்லதான் இருக்கேன்னு சொல்வ, அதான் இதுக்கு அடிச்சேன்.” “தெரிஞ்சும் ஏம்மா கேக்கல?” “கேட்டா இன்னொரு பொய் சொல்லணும். உனக்கு எதுக்கு அந்தச் சிரமம்?” அம்மா ஏதோ கணக்குத் தீர்ந்தவள்போல அவள் தோளில் தட்டினாள். “அதான் போன வாரம் எடுத்துட்டியே. பேசத்தான் இல்ல, வெக்கம், பரவாயில்ல. மூச்சு விடுறது கேட்டுச்சு, அதுபோதும்னு நானே பேசினேன்.”

பதினெட்டாம் தேதி ஒன்பது மணிக்கு அவள் தன் அறையில் இருந்தாள், தலைக்குக் குளித்துவிட்டு வகுப்புக்காக லென்ஸ் படம் வரைந்துகொண்டு, ஒளிக்கோடு ஒன்று கோணலாகப் போய் மூன்று முறை அழித்து… அதில் மாற்றமே இல்லை. அப்படியானால் எடுத்தது… அவள் கண் தானாகச் சமையலறைக் கதவோரம் சுவரில் மாட்டியிருந்த போனுக்குப் போனது, அங்கிருந்து ஜன்னலுக்கு. இருட்டில் மெஷினைப் பாதி தூக்கிக்கொண்டு நின்றிருப்பான், வீடே அதிரும்படி மணி அடித்திருக்கும், அக்கம்பக்கம் விழித்துக்கொள்ளுமே, மணியின் வாயை அடைப்பதற்காக எடுத்திருப்பான், எடுத்த பிறகு? கட் பண்ணினால் மறுபடி அடிப்பார்கள். காதில் வைத்துக்கொண்டு நின்றிருப்பான். அம்மா பேசியிருக்கிறாள். அந்த மூச்சை இத்தனை நாளாகத் தன் மகளின் மூச்சு என்று வைத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போது, ஆமாம்மா, நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் அடங்கிவிடும், மெஷின் வரும், சீருடை முடியும், அம்மா சொன்னதுகூடப் பொய்யாகாது, அம்மாவைப் பொறுத்தவரை. சொல்லாவிட்டால் பணம் மட்டுமா போகும்? “நான் சொன்னதெல்லாம் மனசுல வெச்சிருக்கியா?” அம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள், ஜாக்கெட் கைக்குத் துணி போதுமா என்று கேட்பதுபோல, ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆமா என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உதட்டைத் திறந்தாள்.

“என்னம்மா சொன்ன?”

“விளையாடாத,” என்றாள் அம்மா, சிரிப்பு பாதியில் நின்றது. அவள் பார்த்த திக்கில் அம்மாவும் பார்த்தாள், போனை, ஜன்னலை, தரையில் இருந்த நாலு பள்ளங்களை. சேலைத் தலைப்பில் குத்திய ஊசியை உருவி மறுபடி அதே இடத்தில் குத்தினாள். “அஞ்சு நிமிஷம் பேசியிருப்பேன்,” என்றாள் பிறகு, யாரிடமோ. “நான் முடிக்கிற வரைக்கும் வைக்கலையே…”

சர்வேயர் கைத்தூசியைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார், எழுதியாச்சா மேடம் என்றார். அவள் எழுதினாள். பதின்மூன்றா என்று ஒரு கணம் யோசித்து, ஒரு மணி நேரம் படுத்தவளைத் தங்கியவள் என்று சொல்ல மனமில்லாமல், ஏழு என்று எழுதினாள், கிளம்புவதற்கு முந்தின இரவு, அம்மா தன் கட்டிலில் தூங்கிய இரவு, அதற்குரிய மாதத்தையும் போட்டாள். அவர் குனிந்து பார்த்தார். “ஏழா? முன்னாடி ஒரு ஒண்ணு விட்டுப்போச்சா மேடம்? மாசமும் பாருங்க, போன மாசத்தப் போட்டிருக்கீங்க.” விரலை விட்டு எண்ணினார், நாப்பது நாளுக்கு மேல போகுதே என்றார், பேனாவைத் திரும்ப வாங்கிக்கொள்ளாமல், இன்னும் ஒருமுறை யோசிக்க இடம் விட்டவர்போல நின்றார். இல்ல சார், ஏழுதான், அன்னிக்குப் போன் எடுத்தது நான் இல்ல என்று சொல்லிவிட்டு அவள் காகிதத்தை அம்மா பக்கம் நகர்த்தினாள், தங்கியவர் கையொப்பம் அம்மா போட வேண்டியது. அம்மா பேனாவை வாங்கினாள், தைக்கும்போது குனிவதுபோலக் கண் அருகே காகிதத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் போட ஆரம்பித்தாள், கேட்டால் சொல்வாளா, அந்த ஐந்து நிமிடத்தில் என்ன சொன்னாள் என்று இனி கேட்க முடியுமா, அதை முழுசாகக் கேட்டவன் ஒருத்தன் எங்கேயோ இருக்கிறான், ஓவர்லாக் மெஷினை எவனிடமோ தள்ளிவிட்டிருப்பான், இதை என்ன செய்திருப்பான்… அவளாக இருந்திருந்தால் இரண்டாவது நிமிடத்திலேயே சரிம்மா, வைக்கிறேன் என்று சொல்லியிருப்பாள், சொல்லியிருப்பாள்தானே, இல்லை, அன்றைக்கு ஒருநாள் சும்மா கேட்டுக்கொண்டு நின்றிருப்பாளோ…