சூரியன் அமைதியாயிருந்த நாள்

நெஞ்சு நோகத் தொடங்கியதும் தவராசா செய்த முதல் வேலை, கைபேசியை எடுத்துச் சூரியன் எப்படியிருக்கிறதென்று பார்த்தது. திரையில் பச்சை நிறத்தில் இரண்டு என்றிருந்தது. ஐந்தைத் தொட்டால்தான் காந்தப்புயல். அவருக்கு நிம்மதியாகிவிட்டது. கிணற்றுக்கட்டில் அமர்ந்து நிம்மதியாக வேர்த்துக்கொண்டிருந்தார்.

“என்னப்பா, சேட்டெல்லாம் நனைஞ்சு போச்சு?” நெல் காயப்போட்டிருந்த படங்கை விட்டுவிட்டு மனைவி கமலாசனி வந்தாள்.

“வாயு. இண்டைக்கு ரெண்டுதான்.”

“கையும் உளையுதெண்டனீங்கள்.”

“உளையட்டுமன். ரெண்டெண்டு சொல்லுறனெல்லே.”

முள்ளிவாய்க்காலில் அவருடைய நெஞ்சுக்குள் புகுந்த செல்துண்டொன்று பதினாறு வருடமாக இதயத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தது. எடுக்கப்போனால் ஆபத்தென்று டொக்டர்மார் விட்டுவிட்டார்கள். போன வருடம் மாரடைப்பு வந்து பிழைத்தபின், சுவிஸிலிருக்கும் மகள் பிரஷாந்தினி ஒரு கட்டுரை அனுப்பினாள்: சூரியன் வெடித்துப் பூமியின் காந்தம் குழம்பும் நாட்களில் மாரடைப்பு கூடலாமாம். தவராசா அதைக் கிளினிக்கில் கேட்டார். “சில ஆய்வுகள் அப்பிடிச் சொல்லுது ஐயா. ஆனா உங்கட இரும்பு அதால அசையாது. சூரியனைப் பாக்க முதல் பிறசரைப் பாருங்கோ, குளிசையை ஒருநாளும் விடாதேங்கோ” என்றார் டொக்டர். தவராசா முதல் வசனத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அன்றிலிருந்து புயல் நாட்களில் அவர் மண்வெட்டி தொடுவதில்லை. சாவிக்கொத்தையும் கழற்றி வைத்துவிட்டு மரக்கட்டிலில் மல்லாந்து கிடப்பார். களை பிடுங்கும் காலத்தில் சூரியன் கொஞ்சம் கூடுதலாகவே குமுறுவதைக் கமலாசனி கவனித்திருந்தாள். இரண்டு தரம் தப்பிவந்த மனிசன், படுக்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஊரும் மெல்ல மெல்ல அவரிடம் இலக்கம் கேட்கத் தொடங்கியிருந்தது.

குளிசை எடுக்க அலுமாரியைத் திறந்தவள் அப்படியே நின்றாள். கிளினிக்கில் தந்த ஐந்து மாதக் குளிசை உறைகளிலும் ஒன்றிரண்டுதான் குறைந்திருந்தன.

“இதென்ன, போடேல்லையே?”

“புயல் நாளுக்குப் போடுறனான். சும்மா நாளில ஏன் வீணாக்குவான்?”

அவள் உறைகளை அப்படியே போட்டுவிட்டுப் பக்கத்து ஒழுங்கைப் பிரதாபனுக்குப் போன் எடுத்தாள். ஓட்டோ வந்தது. இருவருமாகத் தவராசாவைத் தூக்கி ஏற்றினார்கள்.

“அண்ணை, இண்டைக்கு எத்தினை?” என்றான் பிரதாபன்.

“ரெண்டு.” அந்த ஒரு சொல்லுக்கு அவர் மூன்று தரம் மூச்செடுக்க வேண்டியிருந்தது.

“அப்ப பயமில்லை அக்கா. ஆறுதலாய்ப் போவம்.” பிரதாபன் எஞ்சினை நிறுத்திவிட்டு, முன்கண்ணாடியைத் துடைக்கத் துணி எடுத்தான்.

“எடடா வண்டியை!”

அந்தக் குரலைக் கமலாசனி வாழ்க்கையில் ஒரேயொரு முறைதான் பாவித்திருந்தாள். அது பதினாறு வருடத்துக்கு முன், காயப்பட்டுக் கிடந்த இவரை ஏற்றச்சொல்லி ஒரு உழவு இயந்திரக்காரனிடம். பிரதாபன் துணியை எறிந்துவிட்டு எடுத்தான்.

புகையிரதக் கடவையில் படலை விழுந்திருந்தது. பிரதாபன் இன்னும் வராத ரயிலுக்கு ஹோர்ன் அடித்தான். தவராசாவின் தலை அவள் தோளில் சரிந்தது. அவள் ஒரு கையை அவர் முதுகுக்குக் கொடுத்து, மற்றக் கையை நெஞ்சில் வைத்தாள்.

ரயில் வந்தது. நிலம் அதிர்ந்தது, ஓட்டோ அதிர்ந்தது, அவளுடைய முழங்கால் அதிர்ந்தது. உள்ளங்கைக்குக் கீழேயும் ஏதோ அதிர்ந்துகொண்டிருந்தது; அது ரயிலா, அவருடைய நெஞ்சா என்று பிரிக்க முடியவில்லை. யன்னலோரத்தில் ஒரு சிறுமி இவர்களைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தாள். கமலாசனி கையை எடுக்கவில்லை. ரயில் கெதியாய்ப் போய்விட வேண்டும் என்று நினைத்தாள். உடனேயே, இன்னும் கொஞ்சம் நீளமாயிருந்தாலென்ன என்றும் நினைத்தாள்.

பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.