கீழே ஒருத்தர்

அந்த ஓட்டலில் அவளை எல்லோரும் துணியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத துணி அறையில் அவளுக்குப் பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. சலவையிலிருந்து சூடாக வரும் படுக்கை விரிப்புகளைக் கிழிசல் பார்த்து, மடித்து, மாடிவாரியாக அடுக்க வேண்டும். சம்பளம் சுமார்தான், மரியாதை அதைவிடச் சுமார். ஆனால் அந்த அறைக்கு ஒரு கதவு இருந்தது, கதவுக்குத் தாழ்ப்பாளும் இருந்தது.

இது என்ன பெரிய விஷயம் என்று கதவு உள்ளவர்கள் கேட்கலாம். துணியக்கா தம்பி வீட்டில் இருந்தாள். ஒரு அறை தம்பிக்கும் மனைவிக்கும், இன்னொன்று படிக்கிற பெண்களுக்கு. அவளுக்கு ஹாலில், சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் ஒரு பாய். கல்யாணமாகாத அக்காவுக்கு அதுவே அதிகம் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன? அங்கே ஜெபிக்க முழங்கால் போட்டால் போதும், "அண்ணி, கொஞ்சம் நகருங்க" என்று தம்பி மனைவியின் குரல் வந்துவிடும்.

அதனால் தினமும் அரைமணி நேரம் முன்னதாகவே ஓட்டலுக்குப் போய், துணி அறையைத் தாழிட்டுக்கொண்டு கடவுளோடு பேசுவாள். ஆரம்பத்தில் சபையில் பழகியபடி 'தேவரீர்' என்றுதான் பேசினாள். ஒருநாள் மேல்தட்டிலிருந்த போர்வைக்கட்டு சரிந்து தலையில் விழுந்தது. வலி தாங்காமல், "பாத்துக்கிட்டு சும்மாவா இருக்க நீ?" என்று கத்திவிட்டாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, என்ன நடக்குமோ என்று காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. யாரோ வந்து பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி மட்டும் இருந்தது.

அன்றிலிருந்து அவர் அவளுக்கு 'நீ'. தம்பியைக்கூட அவன் மனைவி எதிரில் 'நீ' என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழாது. உலகத்தில் உரிமையோடு 'நீ' போட இருந்தது அந்த ஒருவர்தான்.

இப்படி இருக்கையில், ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். "பதினெட்டு வருஷத்துல ஒரு தலையணை உறைகூட காணாம போனதில்லம்மா. இனிமே நீங்கதான் சூப்பர்வைசர்" என்றார். முதல் மாடியில் கண்ணாடி அறை, நீலக் கோட்டு, நெஞ்சில் பெயர்ப் பட்டை. துணியக்கா தலையாட்டினாள். அதுவரை அவளுக்கு யாரும் எதுவும் கொடுத்ததில்லை, மறுக்கத் தெரியவில்லை.

வீட்டில் தலைகால் புரியவில்லை. தம்பி மனைவி தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தாள். அண்ணிக்குக் கையில் காபி வந்தது. ஞாயிற்றுக்கிழமை போதகர் மேடையிலேயே அறிவித்தார், சபையே கைதட்டியது, அவளை முன்வரிசைக்கு வரச் சொல்லி நாற்காலி போட்டார்கள். எல்லோரும் கடவுளுக்கு நன்றி சொன்னார்கள். அவளும் சொன்னாள்.

கண்ணாடி அறையில் முதல் நாள் காலை கண்ணை மூடினாள். கதவு தட்டப்பட்டது. மூன்றாம் மாடியைச் சுத்தம் செய்கிறவள், கையில் மாத்திரையோடு நின்றாள். "தலைவலியா மேடம்?"

போன வாரம்வரை "நகருக்கா, நானும் உக்காந்துக்கறேன்" என்று துணிக்கட்டில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, அவள் டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிட்டவள்.

"என்ன புதுசா மேடம்?"

"இல்ல மேடம்... அப்படித்தானே கூப்பிடணும்." உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. வாசலிலேயே நின்று மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதன்பிறகு கண்ணைத் திறந்துகொண்டே ஜெபித்துப் பார்த்தாள், போன் அடித்தது. மாடிப்படியில் நின்று பார்த்தாள், வணக்கம் சொல்லியே கொன்றார்கள். மூன்றாவது வாரம் ஒருநாள் எல்லாம் கொஞ்சம் அடங்கியிருந்தது. "தேவரீர் அடியாளை..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள். தன் வாயில் வந்தது தன் காதிலேயே விழுந்தது. அந்த மூன்றாம் மாடிக்காரி மாதிரி தானும் வாசலில் நின்றுகொண்டிருப்பது புரிந்தது. 'நீ' என்று சொல்லிப் பார்த்தாள். சொல் வந்தது, ஆள் வரவில்லை.

அன்றைக்கே மேனேஜரிடம் போய் நின்றாள். "என்னைப் பழையபடி கீழயே போட்டுடுங்க சார்."

"ஏம்மா, வேலை கஷ்டமா?"

"இல்ல சார். கீழ ஒருத்தர்கிட்ட தினம் பேசிட்டிருந்தேன். மேல வந்ததுல அது விட்டுப்போச்சு."

சொன்னது உண்மை. ஆனால் உண்மையை எல்லா இடத்திலும் அவிழ்த்துவிடக் கூடாது. அடித்தளத்தில் துணி அறையை விட்டால் கொதிகலன் அறைதான். அங்கே இருப்பவர் மனைவியை இழந்தவர், காதும் பாதிதான் கேட்கும். மேனேஜர் ஒரு மாதிரி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். சாயங்காலத்துக்குள் அந்தச் சிரிப்பு ஏழு மாடியும் ஏறி இறங்கிவிட்டது.

தம்பி மனைவி காரணம் கேட்டு ஓட்டலுக்குப் போன் போட்டாள், யாரோ ஒரு புண்ணியவான் சொல்லிவிட்டான். தம்பி அக்காவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"இந்த வயசுலயாக்கா?"

துணியக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது. "அப்படி யாரும் இல்லப்பா" என்று சொல்லிவிடலாம். ஆனால் 'யாரும் இல்லை' என்ற அந்த வார்த்தை தொண்டையைத் தாண்டவில்லை. இருக்கிறவரை இல்லை என்று எப்படிச் சொல்வது? அவள் பேசாமல் நின்றதையே தம்பி பதிலாக எடுத்துக்கொண்டான். ஹாலில் விளக்கை அணைத்துவிட்டுப் போனான். காபியும் அன்றோடு நின்றது. ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் அவள் நாற்காலி இல்லை. கடைசி வரிசையில் அவள் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். போதகர் கையைப் பிடித்து, "உங்களுக்காக ஜெபிக்கிறோம்மா" என்றார். எதற்காக என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை அதிகாலை துணி அறையைத் திறந்து, தாழ் போட்டாள். வரும் வழியில் கொதிகலன்காரர் அவளைக் கண்டதும் சுவரோரமாக ஒதுங்கிப் போனது நினைவில் குத்தியது. விரிப்புகள் சூடாக வந்து கிடந்தன. அந்தக் கட்டின்மேல் உட்கார்ந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"உனக்கும் எனக்கும் என்னமோ இருக்குன்னு ஊரே பேசுது. கேட்டியா?"

சொல்லும்போதே சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் சேர்ந்துகொண்டது. அறையில் சத்தமே இல்லை. யாரும் நகரச் சொல்லாமலே, அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.