போன லாட்

ஒரு தாயின் கண்ணீரை ஆறே சொல் கொடுத்து மொத்தமாக வாங்கிப் பூட்டியவர் தேனியில் ஒருவர் உண்டு. ஏலக்காய் வியாபாரி பொன்னுராஜ். அவ்வளவு மலிவாக அவர் வேறெதையும் வாங்கியதில்லை.

அந்த ஆறு சொல்லும் போடி ஏலத்தில் பிறந்தவை. அங்கே லாட் லாட்டாகப் பிரித்து ஏலம் விடும் சரக்கில், ஒவ்வொரு லாட்டுக்கும் மாதிரிக் காய் தட்டில் வரும். அள்ளிப் பார்த்து, முகர்ந்து, விலை கேட்டு, படியாவிட்டால் காயைத் தரையிலேயே கொட்டிவிட்டு அடுத்த தட்டுக்குக் கையை நீட்ட வேண்டும். கொட்டின காயைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவன் அடுத்ததையும் விடுவான். "போன லாட் போகட்டும், அடுத்த லாட்டப் பாரு" என்பார் பொன்னுராஜ். மழையில் திராட்சை வெடித்து, தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த ஓடைப்பட்டி சுருளியாண்டிக்கும் அதைத்தான் சொன்னார். பரீட்சையில் தோற்ற மகன் விஜய்ராஜுக்கும் அதேதான். பாதிப் பேருக்கு அது பலித்தும் தொலைத்தது, அதுதான் வினை.

விஜய்ராஜுக்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்து ஒன்பது நாள் இருந்தது. கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்த பொன்னுராஜ், கட்டிலோரம் நின்று மனைவி ஞானசெல்வியிடம் அந்த ஆறு சொல்லையும் சொன்னார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அவள் அழுகையை நிறுத்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏலத்துக்கு நேரமாகலையா?" என்று கேட்டாள். ஆகியிருந்தது. அவரும் போடி பஸ் ஏறிவிட்டார்.

இருபத்தெட்டு வருஷமாயிற்று. அதன்பின் அவர் முன்னால் அவள் அழுததேயில்லை. "எம் பொண்டாட்டிக்கு இரும்பு மனசு" என்று கடையில் பெருமை வேறு பேசிக்கொள்வார்.

இந்த வாரம் மருமகள் சுபாஸ்ரீக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்துவிட்டது. சுருளியாண்டி ஒரு கூடை பன்னீர் திராட்சையோடு விசாரிக்க வந்தார்.

"என்ன அண்ணாச்சி, ஊருக்கெல்லாம் மருந்து குடுக்குற ஆளு. வீட்டுப் புள்ளைக்கு இன்னும் குடுக்கலையா?"

"ரெண்டு நாளா அது பல்லுல பச்சத்தண்ணி படல. இந்தா, இப்பச் சொல்லிர்றேன்" என்று பொன்னுராஜ் எழுந்தார்.

சுபாஸ்ரீயின் அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளப்போன கை அந்தரத்தில் நின்றது. உள்ளே விசும்பல். ஒருத்தியுடையது அல்ல, இருவருடையது.

"எல்லாரும் மறந்துரு, மறந்துருன்னே சொல்றாக அத்த."

"மறக்காத ஆத்தா. ஆறுற மட்டும் அழு. அன்னைக்கு அழுகாம முழுங்கினவ, இன்னமும் புளி கரைக்கையில அழுதுக்கிட்டுக் கெடக்கேன்."

"அந்தப் புள்ளைக்குப் பேரு வச்சிருந்தீகளா அத்த?"

"இனியன்."

பொன்னுராஜ் கையை இறக்கிக்கொண்டார். அந்தப் பெயரை இப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறார், பெற்ற தகப்பன். எந்த வருஷம் எந்தத் தோட்டத்துக் காய் என்ன விலைக்குப் போனது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

கூடத்துக்குத் திரும்பினார்.

"மருந்து கேட்டுச்சா அண்ணாச்சி?"

"சரக்குத் தீந்துபோச்சு சுருளி" என்றார். சுருளியாண்டி சிரிக்க ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அடுப்படியில் ஞானசெல்வி திராட்சையை அலசிக்கொண்டிருந்தாள். காலடி கேட்டதும் முந்தானை முகத்துக்குப் போனது. அதே பழைய துடைப்பு. இத்தனை வருஷமும் அவள் வியர்வையைத்தான் துடைக்கிறாள் என்று நினைத்திருந்தார்.

"செல்வி, இனியன்னு பேரு வச்சத எங்கிட்டச் சொல்லவேயில்லையே."

அவள் திரும்பவில்லை. குரலில் கோபமும் இல்லை.

"நீங்கதான் அடுத்த லாட்டுக்குப் போயிட்டீகளே."

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. 'அழு, செல்வி' என்று சொல்லத்தான் அவர் வாயெடுத்தார். விலை பேசியே தேய்ந்த நாக்கு, அது எழவில்லை.

"காபி போடவா?" என்று கேட்டாள் அவள். தலையை ஆட்டினார்.

அன்றைக்கு அந்தக் கட்டிலோரம் அவர் கொடுத்தது ஆறு சொல். கொடுத்திருக்க வேண்டியது இரண்டு. அந்த இரண்டும் இன்னும் பாக்கி.