கண்டிச்சான்

"சத்தமா சொல்லும்மா. கிளாராவ நான் அடிச்சனா?"

"அடிக்கல."

"பின்ன இன்னா பண்ணேன்?"

அமல்ராணிக்கு அது சரியாகக் காதில் விழவில்லை. மகன் செபஸ்தியான் அவளுடைய இடப்பக்கம் நின்றிருந்தான். அந்தக் காது கேட்காமல் போய் இருபது வருஷம் ஆகிறது. கூடவே வளர்ந்தவனுக்கு அது எப்போதும் மறந்துபோகும். கத்தினான்.

"பேஜாரு பண்ணாதம்மா! கண்டிச்சான்னு சொல்லணும். வக்கீல் சொல்லிக் குடுத்த வார்த்த அது."

கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பெல்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டான். பக்கிள் சத்தம் கேட்டதும் அமல்ராணி தன்னையறியாமல் சுவரோரம் ஒதுங்கினாள்.

விழுப்புரத்தில் பஸ் ஏறி விக்கிரவாண்டி தாண்டும்வரை அதே பாடம்தான். அவள் கழுத்தில் கிடந்த மாதா சுரூபப் பதக்கத்தைத் திருகிக்கொண்டே வந்தாள்.

அவன் மனைவி கிளாரா எட்டு மாதமாகத் திண்டிவனத்தில் தாய்வீட்டில் இருந்தாள். அடிக்கக் கூடாது என்று உத்தரவு வேண்டும், விழுப்புரத்து வீட்டிலேயே மகளோடு இருக்க உரிமை வேண்டும். அவள் போட்ட மனு அவ்வளவுதான். காயத்தைப் பார்த்த ஒரே ஆள் மாமியார். அந்த மாமியார் இன்று மகனுக்குச் சாட்சி.

திண்டிவனம் கோர்ட்டு வாசல் டீக்கடையில் வக்கீல் புகழேந்தி காத்திருந்தார்.

"மாமியா வந்து மருமவள திட்டாம சாட்சி சொன்னா, அதுக்கே கேசு ஜெயிக்கும்மா," என்று சிரித்தார். "ஒரே வார்த்த. அடிக்கல, கண்டிச்சான். கண்டிக்கிறது குத்தமில்ல. நீங்க சொல்லிட்டீங்கன்னா மனு தள்ளுபடி. அவ உங்க வாசப்படி ஏற முடியாது."

அமல்ராணி கூண்டில் ஏறி அந்த வார்த்தையைத் தப்பில்லாமல் சொன்னாள். புகழேந்தி திருப்தியாக உட்கார்ந்தார்.

கிளாராவின் வக்கீல் கலையரசி எழுந்து கூண்டின் இடப்பக்கம் வந்து நின்று ஏதோ கேட்டாள். அமல்ராணி விழித்தாள். கலையரசி மறுபடி கேட்டாள். யாரோ சிரித்தார்கள்.

"ஏம்மா, பதில் சொல்லுங்க," என்றார் மாஜிஸ்திரேட்.

பின்னாலிருந்து கிளாராவின் குரல் வந்தது.

"மேடம், அத்தைக்கு அந்தக் காது கேக்காது. வலப்பக்கம் வந்து கேளுங்க."

அமல்ராணி முதல் தடவையாகத் திரும்பி மருமகளைப் பார்த்தாள். கிளாரா தலையைக் குனிந்துகொண்டாள்.

கலையரசி இடம் மாறினாள். "காது எப்படிம்மா போச்சு?"

"எங்க வூட்டுக்காரரு கண்டிச்சதுல போச்சுங்க."

டைப் அடிக்கிற சத்தம் நின்றது.

"கேசுக்குச் சம்பந்தமில்லாத கேள்விங்கய்யா!" புகழேந்தி துள்ளி எழுந்தார்.

"உக்காருங்க," என்றார் மாஜிஸ்திரேட்.

"சரிம்மா," என்றாள் கலையரசி. "உங்க பையன் கிளாராவ அடிச்சாரா?"

"அடிக்கலிங்க. கண்டிச்சான்."

"வாயாலயா? கையாலயா?"

அமல்ராணியின் விரல் சுரூபத்தில் நின்றது.

"கையால இல்லிங்க."

புகழேந்தி மூச்சு விட்டார்.

"தோ, இடுப்புல மாட்டிக்கினு வந்திருக்கான் பாருங்க, அதால."

செபஸ்தியானின் கை தானாகப் போய் பக்கிளை மூடியது.

கேஸை வேறு தேதிக்குத் தள்ளி வைத்தார்கள். வெளியே வந்ததும் அவன் பல்லைக் கடித்தான்.

"இன்னா சொல்லிக் குடுத்தேன், இன்னா சொல்லிட்டு வர்ற?"

"நீ சொல்லிக் குடுத்த வார்த்தயத்தாண்டா சொன்னேன். உங்கப்பா காலத்துலேர்ந்து நம்ம வூட்ல அதுக்கு அதான பேரு?"

பஸ்ஸில் அவளே முதலில் ஏறி, வலது ஓரத்து ஜன்னல் சீட்டைப் பிடித்தாள். அவனுக்கு அவளுடைய இடப்பக்கம்தான் மிச்சம் இருந்தது.

விழுப்புரம் வரும்வரை அவன் கத்திக்கொண்டே வந்தான்.