இருபத்திரண்டாம் தேதிப் பட்டியல்

பைகளோடு வாசல்வரை போனவள் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்து, கட்டிலில் படுத்திருந்த கணவருடைய நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். ஏறியது. கொஞ்சம் யோசித்துவிட்டு இறங்கியது.

"இன்னும் கிளம்பலையா?" கண்ணைத் திறக்காமலே கேட்டார். "ஏழரைக்கு லாரி வந்துடும். எட்டரைக்கு மேல போனா குப்பைதான் மிஞ்சும்."

முப்பத்தோரு வருஷம் அந்தப் பெரிய கடையில் சரக்கு அடுக்கியவர். அங்கே எல்லோருக்கும் அவர் 'அலமாரி அண்ணன்'. கிறிஸ்துமஸ் சாமான் எப்போது வாங்குவது என்பதில் இந்த வீட்டில் ஒரே சட்டம்தான். மாவும் திராட்சையும் மாதத்தின் முதல் வாரம். கோழி, பால், காய்கறி இருபத்திரண்டாம் தேதி கடை திறக்கும்போது. கல்யாணமான வருஷம் அவள் இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் போய், கால் ஒடிந்த ஒரு கோழியோடு திரும்பி வந்ததை இன்றுவரை சொல்லிக் காட்டுவார்.

இந்த வருஷம் அந்த முதல் வாரம் ஆஸ்பத்திரியில் போயிற்று. நுரையீரல் இனித் தேறாது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். எத்தனை நாள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் ஓர் எண்ணைச் சொல்லிவிடுவாரோ என்று பயம். மகள் குடும்பத்தோடு இருபத்து நாலாம் தேதி வருகிறாள். அதுவரை ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே ஒரு வேலி கட்டி வைத்திருந்தாள். ஆனால் தான் வீட்டில் இல்லாத ஒரு மணி நேரத்தைத்தான் சாவு பார்த்துக்கொண்டிருக்கிறது என்றும் தோன்றியது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு நகர்ந்தால் பொங்குமே, அப்படி.

"போயிட்டு வாங்க அண்ணி, நான் இருக்கேன்ல," என்றாள் நாத்தனார், மடியிலிருந்த தையலை விடாமல். "அண்ணன் எங்க ஓடிடப் போறாரு?"

"ஓட வேண்டிய வயசுலயே ஓடல," என்றார் அவர். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரமாயிற்று.

அதன் பிறகு தலையணைக்கடியிலிருந்து பட்டியலை எடுத்துக் கொடுத்தார். நேற்று உட்கார்ந்து உட்கார்ந்து எழுதியது. கடையின் வரிசைப்படியே எழுதி, விசிறிபோல மடிப்பார். ஒரு வரிசைக்கு ஒரு மடிப்பு. முழுதாகப் பிரித்துப் படிக்கக் கூடாது. படித்தால் முன்னும் பின்னும் அலைவாய் என்பார். அவளும் இத்தனை வருஷம் அப்படியே வாங்கிப் பழகியிருந்தாள்.

முதல் மடிப்பில் கோழி மூன்று, உருளைக்கிழங்கு, கேரட். போன வருஷம்போலத்தான். இரண்டாவதில் பால் இருபது பாக்கெட். பேரப்பிள்ளைகளை நினைத்து எழுதியிருப்பார் என்று எடுத்துப் போட்டாள். மூன்றாவதில் சர்க்கரை ஐந்து கிலோ, டீத்தூள் இரண்டு கிலோ. கை தயங்கியது. பேரப்பிள்ளைகள் டீ குடிப்பதில்லை. நான்காவதில் ரொட்டி பன்னிரண்டு. ஐந்தாவது மடிப்பைப் பிரிக்கப் பிடிக்கவில்லை. பிரித்தாள்.

காகிதக் கப் இருநூறு. அதன் கீழே சின்ன எழுத்தில்: 25, 26 கடை மூடியிருக்கும்.

பண்டிகை நாட்களில் பாதி இறக்கிய ஷட்டரை யாராவது வந்து தட்டுவார்கள் என்று அவர் சொன்னதுண்டு. வீட்டில் சாவு, வந்தவர்களுக்குக் கொடுக்க ஒரு பிடி சர்க்கரை இல்லை என்பார்களாம். அன்றைக்கெல்லாம் அவருக்குச் சோறு இறங்காது. "எப்ப வாங்கி வைக்கணும்னு அவங்களுக்கு யாரு சொல்லியிருப்பா?" என்பார்.

கப் கட்டுகளை எடுத்து வண்டியில் வைத்தாள். இரண்டடி தள்ளினாள். மூன்றாவது அடி வரவில்லை. இதை வீட்டுக்குள் கொண்டுபோவது, 'வா' என்று சாவைக் கைப்பிடித்து அழைத்துப்போவது. கட்டுகளைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். ரொட்டி, டீத்தூள், சர்க்கரை, பாதிப் பால் எல்லாவற்றையும் அந்தந்த இடத்தில் வைத்துவிட்டு, கோழியையும் காய்கறியையும் மீதிப் பாலையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீடு வந்தாள்.

நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"கப்பு வாங்கினியா?"

"வாங்கிட்டேங்க."

பையின் தொங்கலைப் பார்த்தே எடை சொல்லக்கூடியவர். பைகளைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் பரவாயில்லை என்றிருந்தது.

"சரி," என்றார். "கோழி நல்லதா கிடைச்சுதா?"

மகள் சொன்னபடி வந்தாள். இருபத்தைந்தாம் தேதி காலை, எப்போதும்போல அவள் தலையைத் தாங்கித் தண்ணீர் கொடுத்தபோது அவர் விழுங்கவில்லை.

கடை விடுமுறை என்பதால் கடை ஆட்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். ஒன்பது மணிக்கு நாத்தனார் அடுக்களைக்குள் வந்து, "அண்ணி, அந்தக் கப்பெல்லாம் எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"வாங்கல."

நாத்தனார் அவள் முகத்தைப் பார்த்தாள். பக்கத்து வீடுகளுக்குப் போய்த் தம்ளர்களும் கொஞ்சம் டீத்தூளும் சர்க்கரையும் சேர்த்துக்கொண்டு வந்தாள். எவர்சில்வர், கண்ணாடி, பிடி உடைந்தது, யானைப் படம் போட்டது. அப்படியும் போதவில்லை. ஒருவர் குடித்துக் கழுவினால்தான் அடுத்தவருக்கு. பால் சீக்கிரமே தீர்ந்து வெறும் டீயாயிற்று. டீக்காகக் காத்திருந்தவர்கள் கூடத்திலும் வாசற்படியிலும் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் கழுவிக்கொண்டே இருந்தாள்.

மூன்று மணிக்கு அவரைக் கொண்டுபோனார்கள். கல்லறையிலிருந்து திரும்பியவர்களுக்கும் டீ போயிற்று. பிறகு வாசலில் செருப்பு தேடும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒவ்வொரு ஜோடியாகக் குறைவது அடுக்களைவரை கேட்டது.

லாரியில் சரக்கு இறக்குகிறவர் கடைசியாகத் தம்ளரைக் கொண்டுவந்து வைத்தார். "அப்ப நான் கிளம்பட்டுமா அக்கா?"

"இருங்க, இன்னொரு வாய் டீ குடிச்சிட்டுப் போகலாம். தம்ளர் கழுவித் தரேன்."

கழுவிக் கவிழ்த்துக் காய்ந்திருந்த ஒரு தம்ளரை எடுத்து, அவள் மெதுவாகக் குழாயைத் திறந்தாள்.